கொடைக்கானல் சாக்லெட்டும் கைக்கெட்டும் சொகுசும்

பழனிக்குச் சென்று திரும்புபவர் பஞ்சாமிர்தம் கொண்டுவருகிறார். திருநெல்வேலியிலிருந்து அல்வாவும், திருவில்லிபுத்தூரிலிருந்து பால்கோவாவும், மணப்பாறையிலிருந்து முறுக்கும், கோவில்பட்டியிலிருந்து கடலை மிட்டாயும் நம் வீடுகளுக்கு வருகின்றன. கொடைக்கானலுக்குச் சென்று வருபவரின் பையில் என்ன இருக்கும்? யூக்கலிப்டஸ் தைலப் புட்டி ஒன்று இருக்கலாம், மலைப்பூண்டு இருக்கலாம். சாக்லெட் பொட்டலம் இல்லாமல் வருவது அரிது.

இதில் ஒரு வியப்பு உண்டு. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்பெற்ற விருப்பாட்சி வாழை பழனி மலைச் சரிவுகளிலேயே விளைகிறது. கோவில்பட்டிக் கடலை மிட்டாயின் நிலக்கடலை கரிசல் மண்ணுக்குப் பழகிய பயிர். ஆனால் கொக்கோ மரமோ கொடைக்கானல் நகரில் வளர்வதில்லை. அவ்வூரின் குளிர் அதற்கு ஆகாது. கொக்கோவும் சர்க்கரையும் சமவெளியிலிருந்து மலைப்பாதையில் ஏறி வருகின்றன; சாக்லெட்டாக மாறி மறுபடியும் கீழே இறங்குகின்றன. அப்படியிருந்தும் 'கொடைக்கானல் சாக்லெட்' என்றால் ஏதோ ஓர் உயர்வு நம் மனத்தில் தோன்றுகிறது. இவ்வுயர்வில் மலை தருவது எவ்வளவு, மனம் தருவது எவ்வளவு? இதைச் சற்று ஆராய்ந்து பார்ப்போம்.

கைக்கெட்டும் சொகுசு என்றால் என்ன?

கார், வைர நகை, மாளிகை முதலியவை எல்லோராலும் வாங்க முடியாத சொகுசுப் பொருள்கள். அரிசி, பருப்பு, உப்பு ஆகியவை எல்லோருக்கும் தேவையானவை. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாம் வகை ஒன்று உண்டு. அன்றாடப் பொருளைவிட விலை கூடுதல்; ஆயினும் நடுத்தரக் குடும்பம் எப்போதாவது ஒருமுறை வாங்கக்கூடியது. நல்ல சோப்பு, வாசனைத் திரவியம், பொன்னிறத் தாளில் சுற்றிய சாக்லெட் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை. 2003-ஆம் ஆண்டில் அமெரிக்க வணிக ஆய்வாளர்கள் சில்வர்ஸ்டீனும் ஃபிஸ்கும் இவ்வகைப் பொருள்களைப் பற்றி விரிவாக எழுதினார்கள். நடுத்தர வருவாயினர் பல செலவுகளில் சிக்கனம் பிடித்து, தம் மனத்துக்கு நெருக்கமான ஓரிரு பொருள்களுக்கு மட்டும் மகிழ்ச்சியோடு கூடுதல் விலை தருகிறார்கள் என்பது அவர்கள் கண்டது.

இங்கு ஒரு கேள்வி எழுகிறது. எந்தப் பொருள் மனத்துக்கு நெருக்கமாகும் என்பதை எது முடிவு செய்கிறது? விலையும் தரமும் மட்டும் அல்ல. அப்பொருள் நம் பழக்கவழக்கத்தில் ஏற்கெனவே உள்ள ஓர் இடத்தில் வந்து பொருந்த வேண்டும். சாக்லெட்டின் வரலாறே இதற்கு நல்ல சான்று.

கண்டம் விட்டுக் கண்டம் சென்ற பானம்

சாக்லெட் தொடக்கத்தில் தின்பண்டம் அன்று, குடிக்கும் பானம். மெக்சிகோவிலும் அதன் அண்டைப் பகுதிகளிலும் வாழ்ந்த மாயா, அஸ்டெக் மக்கள் கொக்கோ விதையை அரைத்து, மிளகாய் முதலியவற்றைச் சேர்த்துக் கசப்புப் பானமாக அருந்தினர். நாம் காப்பியை ஆற்றுவதுபோல ஒரு பாத்திரத்திலிருந்து மற்றொன்றுக்கு உயரத்திலிருந்து ஊற்றி நுரை வரச் செய்தனர். 16-ஆம் நூற்றாண்டில் அது ஸ்பெயினுக்கு வந்தபோது மிளகாய் நீங்கிற்று, சர்க்கரை சேர்ந்தது.

1828-இல் ஹாலந்து நாட்டில் வான் ஹூட்டன் பெயரில் உரிமம் பெற்ற அழுத்தும் பொறி, கொக்கோவிலிருந்து கொழுப்பைத் தனியே பிரித்தது. அவ்வாறு கிடைத்த கொழுப்பைக் கூடுதலாகச் சேர்த்து 1847-இல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் கட்டிச் சாக்லெட்டைச் செய்தது. பால்வளம் மிகுந்த சுவிட்சர்லாந்தில் 1875-இல் டேனியல் பீட்டர் பால் சாக்லெட்டை உருவாக்கினார். 1879-இல் அதே நாட்டின் ரூடால்ஃப் லிண்ட், நெடுநேரம் அரைத்துக் கலக்கும் முறையினால் மணல்போல் நறநறக்காத மென்மையைக் கொண்டுவந்தார். சாக்லெட் சென்ற நாடெல்லாம் அந்தந்த நாட்டின் நாவுக்கு ஏற்ப மாறியது.

நம் காலத்தில் ஜப்பானில் நடந்தது இன்னும் சுவையானது. 1973-இல் அங்கே விற்பனைக்கு வந்த கிட்கேட் என்னும் பிரிட்டிஷ் சாக்லெட்டின் பெயர், 'நிச்சயம் வெல்வாய்' என்று பொருள்படும் 'கிட்டோ கட்சு' என்ற ஜப்பானியத் தொடரைப் போல் ஒலித்தது. தேர்வு எழுதச் செல்லும் மாணவர்களுக்குப் பெற்றோரும் நண்பர்களும் அதை வாழ்த்துப் பொருளாகத் தரத் தொடங்கினர். பின்னர் பச்சைத் தேயிலைச் சுவையிலும் அது வந்தது. ஒரு சாதாரணத் தின்பண்டம், ஊர்வழக்கத்தில் ஓர் இடம் கிடைத்தவுடன் மதிப்புக்குரிய பரிசாக உயர்ந்துவிட்டது.

நம் வழக்கத்துக்குள் வந்த விதம்

இந்தியாவில் காட்பரி நிறுவனம் 1948-இல் தொடங்கியது. 1970களில் அமுல் கூட்டுறவும் சாக்லெட் செய்ய முற்பட்டது. நெடுங்காலம் சாக்லெட் என்பது குழந்தைகளுக்கு வாங்கித்தரும் பொருளாகவே இருந்தது. பெரியவர்களும் உண்ணலாம் என்ற எண்ணத்தை 1990களின் விளம்பரங்கள் பரப்பின. அதன்பின் வந்த விளம்பரங்கள் இன்னும் ஒருபடி மேலே சென்று, நல்ல செய்தி கேட்டவுடன் வாயில் போடும் இனிப்பின் இடத்தில் சாக்லெட்டை வைத்தன. தீபாவளிக்கு இனிப்புப் பெட்டி கொடுக்கும் வழக்கம் அப்படியே இருந்தது. பெட்டிக்குள் இருந்த பண்டம் மட்டும் மாறியது.

கொடைக்கானலில் இப்பொருத்தம் வேறு வகையில் நிகழ்ந்தது. 1845-இல் மதுரையின் அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் அஞ்சி இம்மலையில் முதல் வீடுகளைக் கட்டினர். 1863-இல் ஏரி அமைந்தது. 1901-இல் மிஷன் குடும்பங்களின் பிள்ளைகளுக்கான பள்ளி தொடங்கியது. இவ்வாறு மேலைநாட்டு வாழ்க்கை முறையின் சாயல் ஊரின் மீது படிந்தது. சுற்றுலா செல்லும் நமக்குக் 'கொடைக்கானல்' என்ற சொல்லே குளிரையும், ரொட்டி கேக்கையும், ஐரோப்பியத் தோற்றமுள்ள வீடுகளையும் நினைவூட்டுகிறது. அத்தகைய ஊரில் செய்த சாக்லெட் அசலானதாகத்தான் இருக்கும் என்று மனம் தானாகவே கருதிக்கொள்கிறது.

ஆனால் விற்கும் முறையைக் கவனியுங்கள். அது முற்றிலும் நம்முடையது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால் வகைவகையாக அடுக்கி, இனிப்புக் கடையைப் போலவே 100 கிராம், கால் கிலோ என்று நிறுத்துத் தருகிறார்கள். ஒரு துண்டைச் சுவைத்துப் பார்க்கத் தருவதும் உண்டு. பாயசத்திலும் லட்டிலும் நாம் தேடும் முந்திரியும் உலர்திராட்சையும் இங்கும் வந்து சேர்ந்திருக்கின்றன. மேலைநாட்டுச் சாக்லெட் சிலவற்றில் மதுவும் முட்டையும் இடம்பெறுவதுண்டு. இங்கே அவற்றைத் தவிர்த்து, பச்சைப் புள்ளியிட்டுச் சைவப் பண்டமாக விற்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, 'ஊருக்கு ஒரு பண்டம்' என்ற நம் பழைய வழக்கம் காலியாக வைத்திருந்த ஓர் இடத்தைச் சாக்லெட் நிரப்பியது. பயணம் போனவர் அண்டை வீட்டாருக்கும் அலுவலக நண்பர்களுக்கும் ஏதேனும் கொண்டுவர வேண்டுமல்லவா? நிறுத்து வாங்கிப் பலருக்கும் பங்கிடத்தக்க பண்டமாக அது அமைந்தது.

அயல்நாட்டுப் பொருளின் பெருமை ஒருபக்கம். நம் வழக்கத்தின் நெருக்கம் மறுபக்கம். இவ்விரண்டும் சேரும் இடத்தில்தான் கைக்கெட்டும் சொகுசு பிறக்கிறது. முற்றிலும் அயலானதாக இருந்தால் தயங்குவோம். முற்றிலும் பழகியதாக இருந்தால் கூடுதல் விலை தரமாட்டோம்.

மலை தருவது எது?

இனி இயற்பியலுக்கு வருவோம். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ளது. மேலே செல்லச் செல்லக் காற்றழுத்தம் குறைகிறது. மேலேறும் காற்று விரிவடைகிறது. விரிவதற்கான வேலையைத் தன் வெப்ப ஆற்றலிலிருந்தே செய்வதால் குளிர்கிறது. சராசரியாக 1 கிலோமீட்டர் உயரத்துக்கு 6.5° செ. அளவு வெப்பநிலை குறையும். ஈரமற்ற காற்றாயின் ஏறத்தாழ 10° செ. வரையிலும் குறையும். ஆகவே மதுரையில் 38° செ. கொளுத்தும் கோடைப் பகலில் கொடைக்கானல் 20° செ. அளவில் இதமாக இருப்பதில் வியப்பில்லை.

இவ்வேறுபாடு சாக்லெட்டுக்கு மிக முக்கியமானது. சாக்லெட்டின் உயிர்நாடி கொக்கோ வெண்ணெய் என்னும் கொழுப்பு. கரியணுக்கள் வைரமாகவும் பென்சில் கரியாகவும் இருவேறு வகையில் அடுக்கப்படுவதுபோல, இக்கொழுப்பின் மூலக்கூறுகள் ஆறு வகைப் படிகங்களாக அடுங்கக்கூடும். முதல் வகையின் உருகுநிலை ஏறத்தாழ 17° செ.; ஆறாவதன் உருகுநிலை 36° செ. இவற்றுள் நாம் விரும்புவது ஐந்தாம் வகை. அது ஏறத்தாழ 34° செ. வெப்பநிலையில் உருகுகிறது. அறையில் உறுதியாக நிற்கும், ஒடித்தால் 'டக்' என்ற ஓசை எழும், பளபளக்கும். நம் உடல் வெப்பநிலையோ 37° செ. ஆகவே வாயில் இட்டவுடன் கரைகிறது. உருகும்போது மறைவெப்பத்தை நாவிலிருந்து எடுத்துக்கொள்வதால் ஒரு மெல்லிய குளிர்ச்சியும் தோன்றுகிறது. சாக்லெட்டின் சொகுசு என்று நாம் உணர்வதில் பெரும்பகுதி இந்த 3 டிகிரி இடைவெளியில் அடங்கியிருக்கிறது!

ஐந்தாம் வகைப் படிகம் தானாக அமைந்துவிடாது. சாக்லெட்டை 45° செ. அளவுக்கு உருக்கி, கிளறியபடியே 27° செ. அளவுக்குக் குளிர்வித்து, மறுபடியும் 31° செ. அளவுக்குச் சற்றே சூடேற்ற வேண்டும். பிறகு அச்சில் ஊற்றி, 20° செ. அல்லது அதற்குக் கீழான குளிர்ந்த இடத்தில் உறையவிட வேண்டும். குளிர்சாதன அறைகள் அரிதாக இருந்த காலத்தில் இக்கடைசிப் படி தமிழகத்தின் சமவெளியில் கடினம். மலையிலோ சன்னலைத் திறந்து வைத்தாலே போதும். கொடைக்கானல் கொக்கோவைத் தரவில்லை. உறையும் குளிரைத் தந்தது.

மலையிறங்கும்போது நிகழ்வதையும் இங்கே சொல்லிவிடலாம். வத்தலக்குண்டுக்கு வரும்போதே பேருந்தினுள் வெப்பம் 34° செ. அளவைத் தாண்டிவிடுவதுண்டு. சாக்லெட் குழைகிறது, இரவில் தன் போக்கில் மறுபடி உறைகிறது. அப்போது படிகங்கள் ஒழுங்கின்றி அமைந்து, கொழுப்பு மேற்பரப்புக்கு வந்து வெண்பூச்சாகப் படிகிறது. இதைப் பூஞ்சைக் காளான் என்று எண்ணிப் பலர் எறிந்துவிடுகின்றனர். அது பெரும்பாலும் கொழுப்புப் படிகமே. சுவை குன்றினும் தீங்கில்லை.

நாவை ஆளும் மனம்

மலையின் பங்கு இவ்வளவு. மனத்தின் பங்கை அளக்க முடியுமா? 2008-இல் கலிபோர்னியாவில் ஓர் ஆய்வு நடந்தது. 20 பேருக்குத் திராட்சை மது சிறிது சிறிதாகத் தரப்பட்டது. ஐந்து வகை மது என்று சொல்லப்பட்டது; உண்மையில் இருந்தவை மூன்றே. ஒரே மதுவை ஒருமுறை 10 டாலர் என்றும், மற்றொருமுறை 90 டாலர் என்றும் சொல்லித் தந்தனர். 90 டாலர் என்றபோது அது சுவையாக இருந்ததாக மதிப்பெண் போட்டார்கள். இதை வெறும் பேச்சென்று தள்ளிவிட இயலாது. காந்த ஒத்ததிர்வுக் கருவியின் மூலம் அவர்களுடைய மூளையைப் படமெடுத்தபோது, இன்ப உணர்வோடு தொடர்புடைய பகுதியிலும் செயல்பாடு கூடியிருந்தது. பின்னர் விலை சொல்லாமல் சுவைக்கச் செய்தபோது அவ்வேறுபாடு மறைந்தது.

அதாவது எதிர்பார்ப்பு நம்மை ஏமாற்றுவதோடு நிற்பதில்லை. உண்மையிலேயே சுவையைக் கூட்டுகிறது. பனிமூட்டம், ஏரிக்கரை நடை, குடும்பத்தோடு கழித்த நாள், பிறருக்குப் பரிசளிக்கும் மகிழ்ச்சி ஆகிய யாவும் அச்சாக்லெட்டின் சுவையில் கலந்துவிடுகின்றன. இதில் தவறொன்றும் இல்லை.

பெயர் அதே, பொருள்?

ஆனால் ஓர் இடர் உண்டு. பெயரும் வழக்கமும் சுவையைத் தாங்கி நிற்கும்போது, அடியில் உள்ள பொருள் மாறிப்போனாலும் நமக்குத் தெரிவதில்லை.

கொக்கோ வெண்ணெய் விலை மிக்கது. அதைப் பக்குவப்படுத்துவதும் கடினம். அதற்குப் பதிலாக எண்ணெய்ப் பனையின் பருப்பிலிருந்து எடுத்த கொழுப்பு, அல்லது ஹைட்ரஜன் ஏற்றப்பட்ட வேறு தாவரக் கொழுப்பு, கொக்கோத் தூள், சர்க்கரை ஆகியவற்றைக் கலந்தும் சாக்லெட் போன்ற பண்டம் செய்யலாம். தொழிலில் இதைக் 'காம்பவுண்டு' என்பர். இதற்கு மேற்கூறிய சூடு-குளிர்ப் பக்குவம் தேவையில்லை. உருக்கி அச்சில் ஊற்றினால் போதும். வேண்டிய அளவுக்கு உருகுநிலையை உயர்த்திக்கொள்ளவும் முடியும் என்பதால் நம் வெயிலையும் தாங்கும். ஒருவகையில் இதுவும் நம் நாட்டுக்கு ஏற்ற மாற்றமே! ஆனால் 37 டிகிரிக்கு மேல் உருகும் கொழுப்பு வாயில் முழுதும் கரையாது; மெழுகுபோல் அண்ணத்தில் ஒட்டும். 34 டிகிரியில் கரையும் அந்தச் சொகுசு போய்விடுகிறது. பெயர் மட்டும் நிற்கிறது.

காம்பவுண்டு விற்பது குற்றமன்று. விலை குறைந்த பண்டத்தை விலை குறைவாக விற்றால் வாங்குபவருக்கு நட்டமில்லை. இரண்டையும் ஒரே பெயரில், ஒரே விலையில் விற்றால்தான் நட்டம். கொக்கோவின் விலை ஏறும்போது இந்த ஆசை கூடும். 2024-இல் மேற்கு ஆப்பிரிக்காவில் விளைச்சல் குன்றியதால் உலகச் சந்தையில் கொக்கோ ஒரு டன் 10,000 டாலரைத் தாண்டியது, பின்னர் இறங்கியது. ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளே உலகக் கொக்கோவில் பாதிக்கு மேல் விளைவிப்பதால், அங்கு மழை பொய்த்தாலும் இங்கு நம் மிட்டாயின் கலவை மாறக்கூடும்.

இதில் வாங்குபவர் மட்டுமன்றி உழவரும் உள்ளனர். பழனி மலைத்தொடர் மேற்கே ஆனைமலையோடு சேர்கிறது. அதன் அடிவாரத்தில், பொள்ளாச்சிப் பகுதியின் தென்னந்தோப்புகளில் கொக்கோ ஊடுபயிராக விளைகிறது. பழத்தின் வெண்சதையோடு விதைகளைக் குவித்துச் சில நாள் நொதிக்க விட்டுப் பின் உலர்த்துகிறார்கள். சாக்லெட்டின் மணத்துக்கு வித்திடுவது இப்பக்குவமே. இந்தக் கொக்கோவைக் கொண்டே பொள்ளாச்சியில் செய்யப்படும் 'சோக்லெட்', ஆரோவில்லில் 2014-இல் தொடங்கிய 'மேசன் அண்டு கோ' போன்றவை, விதை முதல் கட்டிவரை தாமே செய்யும் உயர்வகைச் சாக்லெட்டுகள். வாங்குவோர் கொக்கோ எது, காம்பவுண்டு எது என்று பிரித்தறியாவிட்டால், நல்ல விதையைப் பக்குவமாகத் தரும் உழவருக்கு அதன் பலன் கிட்டாது.

பஞ்சாமிர்தத்தோடு ஒப்பிட்டால் இது இன்னும் தெளிவாகும். 2019-இல் பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. ஒரு பொருளின் தரமோ பெருமையோ அதன் ஊரைச் சார்ந்து நிற்கும்போது தரப்படும் சட்டப் பாதுகாப்பு இது. வேறு ஊரார் அப்பெயரைப் பயன்படுத்த இயலாது. மலைச்சரக்கான கொடைக்கானல் பூண்டுக்கும் அதே ஆண்டில் இக்குறியீடு கிடைத்தது. 'வீட்டில் செய்த சாக்லெட்' என்ற சொல்லோ கலவையைப் பற்றி எதுவும் உறுதி கூறுவதில்லை. அதன் உறுதி வாங்குபவரின் அறிவில்தான் இருக்கிறது.

நாமே செய்து பார்க்கலாம்

முதலில், அட்டையில் அச்சிட்ட பொருட்பட்டியலைப் படியுங்கள். எடை மிகுந்த பொருள் முதலிலும் குறைந்தது கடைசியிலும் வரவேண்டும் என்பது விதி. கொக்கோ வெண்ணெய் இடம்பெற்றுள்ளதா, தாவரக் கொழுப்பு முன்னே நிற்கிறதா என்று பாருங்கள். நிறுத்து விற்கும் சரக்காயின் கடைக்காரரிடம் "இது காம்பவுண்டா?" என்று கேட்கத் தயங்க வேண்டாம்.

அடுத்தது வெப்பமானிச் சோதனை. ஒரு துண்டைச் சிறு எவர்சில்வர் கிண்ணத்தில் இட்டு, 38° செ. வெந்நீரில் அக்கிண்ணத்தை மிதக்கவிடுங்கள். அவ்வெப்பநிலை குறையாமல் பத்து நிமிடம் காத்து, கரண்டி முனையால் தொட்டுப் பாருங்கள். குழையாமல் உறுதியாக நின்றால் அதில் கொக்கோ வெண்ணெய் மட்டும் இல்லை என்று கொள்ளலாம். குழைந்துவிட்டால் அசல் என்று முடிவு கட்டலாகாது. தாழ்ந்த உருகுநிலையுள்ள காம்பவுண்டு வகைகளும் உண்டு.

மூன்றாவது, நாவின் சோதனை. விலை உயர்ந்த சாக்லெட் ஒன்று, விலை குறைந்தது ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே அளவுத் துண்டுகளாக நறுக்கி, கண்ணைக் கட்டிய நண்பருக்கு மூன்று துண்டுகளைத் தாருங்கள். இரண்டு ஒரே வகை, ஒன்று வேறு. வேறானது எது என்று அவர் சொல்ல வேண்டும். வெறும் ஊகமாயின் சரியாகச் சொல்லும் வாய்ப்பு மூன்றில் ஒன்று. வகுப்பில் 30 பேர் சோதித்தால் ஊகத்தினாலேயே 10 பேர் அளவில் சரியாகச் சொல்லிவிடுவர். 15 பேரோ அதற்கு மேலோ சரியாகச் சொன்னால்தான் வேறுபாடு உண்மையில் உணரப்படுகிறது என்று கருதலாம். உணவுத் தொழிற்சாலைகள் பயன்படுத்தும் முக்கோணச் சோதனை இதுவே. சோப்பு, காப்பித்தூள், நெய் என எதற்கும் தக்க மாற்றத்தோடு இதைக் கையாளலாம்.

பிறநாட்டுப் பொருளை நம் வழக்கத்துக்கு இசைய மாற்றிக்கொள்வது நமக்குப் புதிதன்று. மிளகாயும் காப்பியும் அவ்வாறு வந்தவையே. இன்று அவற்றை அயலவை என்று யாரும் எண்ணுவதில்லை. சாக்லெட்டும் அவ்வழியே வந்துகொண்டிருக்கிறது. வழக்கம் ஒரு பொருளுக்கு நம் வீட்டில் இடம் தரலாம். அதற்குரிய விலை எது என்பதை அறிவு முடிவு செய்யட்டும். அடுத்த முறை கொடைக்கானலிலிருந்து பொட்டலம் வரும்போது, குளிரையும் பயணத்தையும் நினைத்து மகிழ்ந்து உண்ணுங்கள். உண்ணுமுன் அதன் பட்டியலையும் ஒருமுறை படித்துவிடுங்கள்.